கொன்றவரை ஊராரே விசாரித்தது நீதியா? நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ருவாண்டாவுல 1994 படுகொலைக்கு அப்புறம் கச்சாச்சான்னு ஊர்க்காரங்களே உட்கார்ந்து விசாரிச்சாங்களே, குத்தத்தை ஒத்துக்கிட்டா தண்டனையையும் குறைச்சாங்களே, இதெல்லாம் நீதியா?"

நல்ல கேள்வி. முதல்ல அவங்க எந்த நெருக்கடியில இதுக்கு வந்தாங்கன்னு பார்க்கணும். ஹூட்டு இனத் தீவிரவாதிங்க 100 நாள்ல 8 லட்சம் பேருக்கு மேல, பெரும்பாலும் டுட்சி இனத்தவங்களை, கொன்னுட்டாங்க. நீதிபதிகள், வக்கீல்கள்ல நிறைய பேர் செத்துட்டாங்க, மிச்சம் பேர் நாட்டை விட்டே போயிட்டாங்க. 1990-களோட கடைசியில சிறையில இருந்தவங்க ஏறக்குறைய 1,20,000 பேர். பக்கத்து நாடான தான்சானியாவோட அருஷா நகரத்துல ஐ.நா. அமைச்ச தீர்ப்பாயம் 2015 வரைக்கும் நடந்து, மொத்தமா குற்றம் சாட்டினது 93 பேர் மேலதான். பெரிய தலைகளைப் பிடிக்க அது வேணும். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் செஞ்ச கொலைக்கு யார் பதில் சொல்றது?

அதுக்குத்தான் கச்சாச்சா, அதாவது ஊர்ப் புல்தரையில கூடி விசாரிக்கிற மன்றம். 2002-ல சில இடங்கள்ல சோதனையா ஆரம்பிச்சு, 2005-ல நாடு முழுக்கப் பரவி, 2012-ல முடிஞ்சது. சுமார் 12,000 மன்றங்கள். ஊர் தேர்ந்தெடுத்த, சம்பளம் வாங்காத நடுவர்கள்; முதல்ல மன்றத்துக்கு 19 பேர், பிறகு 9, கடைசியில 7.

நீங்க கேட்ட ஒப்புதல் விஷயம்தான் இதுல முக்கியம். வெறுமனே "மன்னிச்சிடுங்க"ன்னு சொன்னா சட்டம் ஏத்துக்காது. எங்க, எப்ப, எப்படிக் கொன்னே, கூட யார் யார் இருந்தாங்க, பிணத்தை எங்க போட்டே, அத்தனையும் சொல்லணும். அப்புறம் எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்கணும். 2004 சட்டப்படி, சாதாரண ஆள் செஞ்ச கொலைக்கு, குற்றம் சாட்டப்பட்டவங்க பட்டியல்ல பேர் ஏறுறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டா 7-லிருந்து 12 வருஷம். அதுலயும் பாதியை வெளியில பொதுவேலையாக் கழிக்கலாம், ரோடு போடுறது, கல் உடைக்கிறது மாதிரி. ஒத்துக்கலைன்னா 25-லிருந்து 30 வருஷம்.

பிணம் எங்கன்ற அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். எந்தக் கழிப்பறைக் குழி, எந்த ஆத்தங்கரைன்னு கொன்னவன் வாய் திறந்தாத்தான் தெரியும். அப்படித் தோண்டி எடுத்த எலும்புகளைக் கழுவி, முறையா அடக்கம் பண்ணினாங்க. அருஷாவுல ஆயுள் தண்டனை கொடுத்தாலும் ஒரு தாய்க்கு அந்த எலும்பு கிடைச்சிருக்காது.

ஆனா ஓட்டையும் அங்கேயேதான் இருக்கு. தண்டனை குறையுதுன்னதும் அரைகுறையா ஒத்துக்கிட்டாங்க. செத்துப்போனவன் பேரைக் கூட்டாளின்னு சொல்லி, உயிரோட இருக்கிறவனைக் காப்பாத்தினாங்க. வக்கீல் கிடையாது. நிலத்தகராறுக்காகப் பொய்ப்புகார் வந்தது. சாட்சிகளை மிரட்டினாங்க, சிலரைக் கொன்னேபோட்டாங்க. 2008-ல பாலியல் வன்முறை வழக்குகளையும் இங்க மாத்தினாங்க. கதவை மூடி விசாரிச்சாங்கதான், ஆனா கேட்கிற நடுவர் அதே ஊர்க்காரர்! நகரத்துக் கோர்ட்டை நம்பி புகார் கொடுத்த பெண்ணுக்கு இது பெரிய துரோகம்னுதான் சொல்வேன்.

இன்னொண்ணு, இழப்பீடு. திருடின மாடு, இடிச்ச வீட்டுக்கு ஈடு கொடுக்கச் சொல்ல முடிஞ்சது. கொலைக்கு ஈடு எதுவும் இந்த மன்றங்கள் மூலமாக் கிடைக்கலை.

எல்லாத்தையும் விட எனக்கு உறுத்துறது, 2004-ல போர்க்குற்றங்களை இந்த மன்றங்களோட வரம்புல இருந்தே எடுத்துட்டாங்க. அதனால படுகொலை ஆட்சியைத் தோற்கடிச்சு ஜெயிச்ச டுட்சி தலைமையிலான கிளர்ச்சிப் படையோட (ஆர்.பி.எஃப்.) ஆட்கள் கையால செத்தவங்க குடும்பம், அந்தப் புல்தரையில மத்தவங்களுக்காகச் சாட்சி சொல்ல உட்காரலாம். தன் வீட்டுச் சாவைப் பத்தி அங்க எழுந்து கேட்க அவங்களுக்கு வழியே இல்லை.