வயலில், வரப்பில், மதகில்: ஆங்கிலம் ஏன் மூன்று சொல் கேட்கிறது?

[காட்சி: குறுவை நடவு நடக்கும் வயல். தூரத்தில் வாய்க்கால் மதகு.]

வணக்கம். இந்த வயலைப் பாருங்கள். ஒருவர் வயலில் நிற்கிறார். இன்னொருவர் வரப்பில் நிற்கிறார். மூன்றாவது ஆள் மதகில் நிற்கிறார். தமிழுக்கு ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்திலோ முதல் ஆள் ‘இன் தி ஃபீல்ட்’, அடுத்தவர் ‘ஆன் தி பண்ட்’, மூன்றாமவர் ‘அட் தி ஸ்லூஸ்’.

நம் பிள்ளைகள் இன், ஆன், அட் என்று தடுமாறுவது இதனால்தான். அவர்களைத் திட்டாதீர்கள். ஒரே உருபோடு வளர்ந்தவர்களிடம் ஆங்கிலம் மூன்று கேள்வி கேட்கிறது.

வயலைச் சுற்றி வரப்பு இருக்கிறது, ஆள் அதற்குள் நிற்கிறார். அதனால் இன். வரப்பு அவர் காலைத் தாங்குகிறது. அதனால் ஆன். மதகு வெறும் அடையாள இடம். அதன் மேலேயா, பக்கத்திலேயா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அட்.

[காட்சி: கும்பகோணம் ரயில் நிலையம்.]

ஊருக்கும் இதே கணக்குதான். கும்பகோணத்தில் குடியிருப்பவர் ‘ஐ லிவ் இன் கும்பகோணம்’ என்பார். அவருக்கு அது தெருக்களும் கோயில்களும் மகாமகக் குளமும் கொண்ட பரப்பு. ரயிலைச் சொல்லும்போது ‘இட் ஸ்டாப்ஸ் அட் கும்பகோணம்’. மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே வழியில் வரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

ஆற்றில்தான் பலர் வழுக்குகிறார்கள். திருச்சி ‘ஆன் தி காவேரி’. கரையை ஒட்டிய ஊருக்கும் ஆன்தான். ‘இன் தி காவேரி’ என்றால் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறவர்.

அப்புறம், நம் உருபை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டும் பழக்கம். தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தேன் என்கிறோம், அந்த ‘கு’வை நினைத்து ‘ரீச்டு டு தஞ்சாவூர்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டு’ வேண்டாம். அதைப் பற்றிப் பேசினோம் என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது. ‘அபவுட்’டும் வேண்டாம்.

[காட்சி: கல்லணை. மதகுகளில் தண்ணீர் பாய்கிறது.]

சரி, இன், ஆன், அட் போலவே நம்மைத் தடுமாற வைக்கும் இன்னொரு சின்னச் சொல்லான ‘தட்’டுக்கு வருவோம். நாளைக்குத் தண்ணீர் வரும் என்று நினைக்கிறேன். இந்த ‘என்று’ பேச்சில் ‘வரும்னு’ எனச் சுருங்கும், ஆனால் அடியோடு மறையாது. எடுத்துவிட்டால் வாக்கியம் நொண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ திங்க் தட் இட் வில் கம்’ என்றாலும் சரி, ‘ஐ திங்க் இட் வில் கம்’ என்றாலும் சரி. பேச்சில் பெரும்பாலும் ‘தட்’டை விட்டுவிடுவார்கள். வாக்கியமே ‘தட்’டில் தொடங்கினால் விட முடியாது.

ஆனால் விடலாம் என்பதற்காக எங்கும் விட்டுவிடக் கூடாது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள். அதை ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்.

[திரையில்: தி ஆபிசர் செட் ஆன் மண்டே தி வாட்டர் வுட் பி ரிலீஸ்டு.]

திங்கள்கிழமை அதிகாரி சொன்னாரா, திங்கள்கிழமை தண்ணீர் திறப்பார்களா? இரண்டு மாதிரியும் படிக்கலாம். நாற்றங்காலுக்கு விதை ஊற வைப்பவருக்கு இது சின்ன விஷயமா?

[திரையில்: செட் தட் ஆன் மண்டே…]

இப்போது திங்கள்கிழமை தண்ணீர் திறக்கும் நாள்.

[திரையில்: செட் ஆன் மண்டே தட்…]

இப்போது அது அதிகாரி பேசிய நாள். தண்ணீர் என்றைக்கு என்று தெரிய அடுத்த வரியைப் படிக்க வேண்டும்.