கலைஞரைத் தாங்குவது மேடையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் கலைஞரின் தொழிலைத் தாங்குவது மேடையா, தொலைக்காட்சியா? மேடையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஒரே இரவில் ஊரறியும் பேர், மாதம் தவறாத சம்பளம் என்று எதிரணியினர் அடுக்கினார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் டிவியில் அவர் பேசும் அந்த ஐந்து நிமிடம் எங்கே தயாரானது? யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசிப் பார்க்கும் ஓப்பன் மைக்கில் ஐயா! எழுதியதைப் பேசுகிறார், போனில் பதிவு செய்கிறார், மறுநாள் போட்டுக் கேட்டு, சிரிப்பு விழாத இடத்தைக் குறிக்கிறார். பெரும்பாலும் பழுது கருத்தில் இருக்காது, சொல் நிற்கும் இடத்தில் இருக்கும்.

“டாக்டர் அவர் ஸ்டேட்டஸ்ல என் எக்ஸ்ரேயை வச்சிருக்கார், போன வாரம் எடுத்தது” என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு எழும் நேரத்தில் ‘போன வாரம்’ வந்து அதை மிதித்துவிடுகிறது. “போன வாரம் எடுத்த எக்ஸ்ரே எங்கிட்ட இல்லைங்க. டாக்டர் வச்சிருக்கார்... அவர் ஸ்டேட்டஸ்ல.” இப்போது வெடிக்கும் சொல் கடைசியில். அதன் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அரங்கம் ஆறிப்போகும். இந்தக் கணக்கைக் காது பழகுவது ஆட்கள் முன்னால் மட்டும்தான்.

ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது? கலைஞர் வருமுன்பே வார்ம்-அப் செய்பவர் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருப்பார். எடிட்டிங்கில் இடைவெளியை வெட்டுவார்கள், சில நிகழ்ச்சிகளில் பதிவு செய்த சிரிப்பையும் சேர்ப்பார்கள். எந்தச் சிரிப்பு தன்னுடையது என்று கலைஞருக்கு எப்படித் தெரியும்?

சரக்கு தீரும் வேகத்தையும் பாருங்கள். ஒரு ஜோக்கை ஊர் ஊராக ஒரு வருடம் சொல்லிச் செதுக்கலாம். ஒளிபரப்பான மறுநாள் அது பழசு.

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1976-ல் மேடையேறி, 1981-ல் ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற டிவி நிகழ்ச்சிக்கு வந்தார். தன் பெயரிலேயே ஓடிய டிவி தொடரை 1998-ல் முடித்தார். அதே வருடம் பழைய ஜோக்குகளுக்கும் விடை கொடுத்தார். பிறகு புதுச் சரக்கு சேர்க்க எங்கே போனார்? சின்னச் சின்ன கிளப்புகளுக்கு! பாதியில் வரி மறந்து, கையிலிருந்த குறிப்பைப் பார்த்துத் தடுமாறினாலும் மறுபடி மேடையேறினார். ஒன்பது வருடத் தொடரின் புகழ் கூட்டத்தை வரவழைத்தது, ஜோக்கை எழுதித் தரவில்லை.

இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் எச்பிஓ என்ற டிவி சேனலில் 14 நிகழ்ச்சி செய்தாரே என்று எதிரணித் தோழர் மடக்கினார். ஐயா, அவற்றில் கேமரா பெரும்பாலும் படம்பிடித்தது எதை? ஆட்கள் நிறைந்த அரங்கில் தனியாக நின்று பேசிய மனிதரைத்தானே! நன்றி, வணக்கம்.