ஆபத்தா, அச்சமா? அச்சமே என்ற அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் துறந்து இந்தச் சித்திரைத் திருநாள் விழாவுக்கு வந்திருக்கும் டாலஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். அயல்நாட்டில் பிள்ளை வளர்ப்போரைப் பெரிதும் வாட்டுவது ஆபத்தா, அச்சமா என்பது தலைப்பு. அச்சமே என்பது என் அணி. நடுவரின் விரல் ஏற்கெனவே மணிமேல் இருப்பதால் நேரே செல்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆம்பர் எச்சரிக்கையைச் சொன்னார். 1996 ஜனவரியில், நமக்குப் பக்கத்திலிருக்கும் ஆர்லிங்டனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஆம்பர் என்ற ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். அவள் பெயரில் பிறந்ததுதான், எங்காவது ஒரு பிள்ளை கடத்தப்பட்டால் இன்று நம் கைப்பேசிகளை அலற வைக்கும் அந்த எச்சரிக்கை. இதே டெக்சாஸின் உவால்டியையும் சொன்னார். 2022 மே 24 அன்று ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, வகுப்பறை மூலையில் மூச்சுக்காட்டாமல் அமரும் பயிற்சியை முடித்து வந்த பிள்ளை, இரவு உணவின்போது அதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கையில் எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்? இதை மறுத்துப் பேசிப் புள்ளி வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நாம் அஞ்சும் இடமும் ஆபத்து இருக்கும் இடமும் ஒன்றா என்று கேட்பேன். அந்நியரோ, சற்றே அறிமுகமானவரோ பிள்ளையைக் கடத்திச் செல்லும் கொடிய நிகழ்வுகள் நாடு முழுவதிலும் 1999இல் 115 என்றும், 2011இல் 105 என்றும் அமெரிக்க அரசின் நீதித் துறை ஆய்வுகள் மதிப்பிட்டன. இத்தனை கோடிக் குழந்தைகள் உள்ள நாட்டில் அந்த எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அது அதிகம்தான். எனினும் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு இந்நாட்டில் முதற்காரணம் நீரில் மூழ்குவது. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். நாமோ கொல்லைப்புற நீச்சல்குளத்துக்கு வேலி போடாமல், வீட்டுக்குள் வந்துபோகும் "அங்கிள்" யாரென்று கேட்காமல், வாசலில் யார் நடக்கிறார் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கேதான் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் என்னைப் பிடித்தார். "அச்சத்தைப் பழிக்க வந்திருக்கும் அண்ணனின் வீட்டு வாசலில் ஒரு காமிரா, கொல்லையில் ஒரு காமிரா, காரில் ஒரு காமிரா" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி சொன்னது முற்றிலும் உண்மை. அந்த வாசல் காமிரா இதுவரை பிடித்த ஒரே குற்றவாளி யார் என்பதைத்தான் அவர் கேட்காமல் விட்டுவிட்டார். என் மாமனார்!

மாமனார் கும்பகோணம் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒருநாள் விடிந்தும் விடியாத பொழுதில், வேட்டி கட்டி, மேலே என் பழைய ஸ்வெட்டரை மாட்டி, முகம் மறைய மங்கி குல்லாய் போட்டு, கையில் ஒரு பையுடன் நடைக்குக் கிளம்பினார். சற்று நேரத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: வெள்ளைத் துணி சுற்றிய, முகம் மூடிய ஒருவன் பையுடன் வேலிகளை நோட்டமிடுகிறான். அடுத்தவர், நேற்றும் பார்த்தேன் என்றார். இன்னொருவர், அவர்கள் இருவர் என்றார். அந்த இரண்டாமவர் நடையில் துணை சேரும் நெல்லூர்த் தாத்தா. மூன்றாமவர், தங்கத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள், தாலிக்கொடியை லாக்கரில் வையுங்கள் என்றார். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று நால்வர் எழுதினார்கள். எச்சரித்தமைக்கு நன்றி என்று கைகூப்பிய படம் போட்டவர் என் மனைவி. பெற்ற மகள்!

காவலர் வந்தார். பையில் என்ன என்று கேட்டார். பூ என்றார் மாமனார். திறந்து பார்த்தால் வேலிக்கு வெளியே தலைநீட்டியிருந்த ரோஜாக்கள். யாருக்கு என்று கேட்டார். பிள்ளையாருக்கு என்றார். காவலர் குறிப்பேட்டை எடுத்து, அவர் எந்த வீட்டில் வசிக்கிறார் என்று கேட்க, எங்கும் இருப்பார் என்று தலைமையாசிரியர் விளக்கியிருக்கிறார். நடுவர் அவர்களே, எங்கும் இருக்கும் ஒருவருக்காகப் பூ சேகரிக்கும், முகம் மூடிய ஒருவரை அந்தக் காவலர் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துவிட்டு, காரில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். காமிராவில் அதுவும் பதிவாகியிருக்கிறது. அந்த முதல் செய்தியை எழுதியவரும் தமிழர்தான்; முந்தைய வாரம் எங்கள் வீட்டில் மாமனாருக்கு எதிரே அமர்ந்து வற்றல்குழம்பு சாப்பிட்டவர். தெரிந்த முகத்தையே அவருடைய அச்சம் மறைத்துவிட்டது.

தம்பி கேட்கலாம், அந்தக் காமிராவைக் கழற்றிவிட்டீர்களா என்று. கழற்றவில்லை. பார்சல் திருடனுக்கு அது வேண்டும். பூட்டும் காமிராவும் பொருளுக்குக் காவல். பிள்ளைக்கு அவை போதும் என்று எண்ணுவதைத்தான் நான் மறுக்கிறேன். போதிய பக்குவம் வந்த பிள்ளை தனியே பள்ளிக்கு நடந்து சென்றால், பெற்றோர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதாகக் கருதக் கூடாது என்று யூட்டா மாநிலம் 2018இல் சட்டம் இயற்றியது. 2021இல் நம் டெக்சாஸும் அந்த வழியில் வந்தது. சட்டம் விட்டபிறகும் நாம் விடவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே கார் வரிசையில் அரை மணி நேரம் நிற்கிறோம். மாமனார் வந்த நாள்முதல் கேட்டது ஒன்றே ஒன்று: பேத்தியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு நடத்திச் செல்ல வேண்டும். அவள் அம்மாவை அரசலாற்றுப் பாலம் தாண்டி அப்படித்தான் அவர் அழைத்துச் சென்றார். இங்கே கார்கள் வேகம், வெயில் கடுமை, யாராவது ஏதாவது கேட்டால் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. காவலர் வந்த அன்றிலிருந்து அவர் நடைக்கும் செல்வதில்லை. நம்மால் உங்களுக்கு எதற்கு வம்பு என்கிறார். ஆயிரம் பிள்ளைகளைக் கைப்பிடித்து எழுத வைத்த மனிதர், ஒரு பிள்ளைக்கு ஆபத்தாகத் தெரிந்துவிட்டோமே என்று கூசுகிறார். பிள்ளைக்கோ, தாத்தாவுடன் தனியாக ஒரு தெரு நடந்த நினைவு கிடையாது. எந்தத் திருடன் வந்து எங்களிடமிருந்து இதை எடுத்துச் சென்றான்?

வருகிற வியாழக்கிழமை அவருக்கு விமானம். எனவே தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், நாளைக் காலை அவர்கள் இருவரும் நடந்துதான் பள்ளிக்குச் செல்கிறார்கள்; நேற்றிரவே முடிவாகிவிட்டது. வேட்டியும் குல்லாயும் அப்படியேதான் இருக்கும். உங்களில் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் படம் எடுப்பதற்கு முன் கதவைத் திறந்து ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

நன்றி.