ரேடியோவைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

(காங்கேயத்தில் நூலக வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்ங்க.

மேசை மேல் இருப்பது எங்கள் அப்பாருடைய டிரான்சிஸ்டர். தோல் உறை, முன்னால் பொடிப்பொடியாக ஓட்டைகள், அறுந்துபோன வாருக்குப் பதில் சணல் கயிறு. அப்பாரு கட்டுத்தறியில் பால் பீய்ச்சும்போது பக்கத்துத் திண்டின் மேல் இது பாடிக்கொண்டிருக்கும். எப்போதும் நீளவாக்கில் வடக்கு தெற்காகத்தான் வைப்பார். யாராவது மாற்றி வைத்தால் கோபம் வந்துவிடும். "அப்படி வெச்சாத்தான் கோயமுத்தூரு பேசும்" என்பார். அது ஏதோ சாஸ்திரம் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. உள்ளே பெட்டியின் நீளவாக்கில், விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி (காந்தத்தை ஈர்த்துப் பிடிக்கிற ஒரு பொருள்), அதைச் சுற்றி மயிரிழை போல செம்புக் கம்பி. கோவை, திருச்சி நிலையங்கள் பேசுகிற மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) அதுதான் ஏரியல். மேலே இழுத்துவிடுகிற கம்பி இதற்கு உதவாது. குச்சிக்குக் குறுக்காக வரும் அலை நன்றாகப் பிடிபடும். குச்சியின் முனை நிலையத்தைப் பார்த்து நின்றால் சத்தம் ஒடுங்கிப்போகும். நம் ஊருக்குக் கோவை மேற்கே. அதனால் ரேடியோ வடக்கு தெற்கு. திருச்சி ஏறக்குறைய நேர் கிழக்கே இருப்பதால், கோவையின் 999 கிலோஹெர்ட்ஸ், திருச்சியின் 936 இரண்டையும் பெட்டியை அசைக்காமலே கேட்கலாம். அப்பாரு காதாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

சரி, அந்தப் பக்கம் நிலையத்தில் என்ன இருக்கிறது? எல்லோரும் கோபுரத்தைத்தான் பார்ப்போம். செல்போன் கோபுரத்தின் உச்சியில் ஏரியலைக் கட்டியிருப்பார்கள். இங்கே கோபுரமே ஏரியல். அடியில் தடித்த பீங்கான் மேல் நிற்கும். இரும்பு தரையைத் தொடாது. இழுத்துக் கட்டிய கம்பிகளுக்கும் இடையிடையே பீங்கான் போட்டிருப்பார்கள். 999 என்றால் ஓர் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு 75 மீட்டர். கோபுரத்தின் உயரத்துக்கு இந்தக் கால் பங்குதான் அடிப்படைக் கணக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்ணுக்குள் இருக்கும் பாதியைப் பற்றி. கோபுரத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல நாலாபுறமும் செம்புக் கம்பிகளைப் புதைப்பார்கள். பாடநூல் கணக்கு 120 கம்பி. ஒவ்வொன்றும் கால் அலை நீளம் என்று வைத்தால் மொத்தம் 9 கிலோமீட்டர் செம்பு, நாலு ஏக்கருக்கு மேல் நிலத்தின் அடியில் கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் வெறும் புல்தரை. "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மண்ணும் நிலையத்தின் உறுப்புதான்.

பகலில் இந்த அலை தரையை ஒட்டியே போகிறது. ஈர மண் அதை நன்றாகக் கொண்டுபோகும், கடல் இன்னும் நன்றாக. காய்ந்த மேட்டாங்காடும் பாறையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். நம் சீமை ஓடக்கல்லும் செம்மண்ணுமான சீமை. அப்படியிருந்தும் கிளுவை வேலி தாண்டி கொறங்காட்டில் ஆடு மேய்க்கிறவர் மடிக்கு வந்து சேர்ந்ததே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிறது. அதன் கோபுரத்தைக் கொடைக்கானல் மலை மேல் வைத்தால்தான் சமவெளி முழுக்கக் கேட்கும். ஒரு கரடு குறுக்கே நின்றால் பின்னால் நிழல் விழுந்துவிடும். பர்கூர், தாளவாடி மலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

பொழுது விழுந்தால் கதை மாறும். பகலில் வானத்தின் கீழடுக்கு இந்த அலையை உறிஞ்சிவிடுகிறது. வெயில் போனதும் அந்த அடுக்கு கலைந்து, மேலடுக்கு கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பும். அப்போதுதான் முள்ளை நகர்த்த நகர்த்த ஏதேதோ மொழிகள் வந்து போகும்.

தஞ்சாவூரில் 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். திருச்சி நிலையம் சொல்லிச் சொல்லிப் பரவிய நெல் அது. ஒரு விதைக்குத் தன் பேரைக் கொடுக்கும் அளவுக்கு மக்கள் நம்பிய ஊடகம் வேறு ஏது? நாட்டில் பல ஊர்களில் மத்திய அலைக் கோபுரங்களை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். கேட்க ஆளில்லை, மின்சாரம் நிறையச் செலவாகிறது என்கிறார்கள். செலவு உண்மைதான். ஆனால் புயலில் கம்பம் சாய்ந்து, செல்போன் கோபுரம் செத்துப்போகும் நாளில், எங்கோ ஒரு கோபுரம் நின்றால் போதும். மூன்று பேட்டரிக் கட்டை வைத்திருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். இதை இழந்த பின் திரும்பக் கட்டுவது லேசான காரியம் இல்லை.

இன்று வீட்டில் கரகரவென்று கேட்கிறது என்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கரகரப்பைக் கிளப்புகிற எல்இடி பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிட்டு, ரேடியோவை வாசலுக்கு எடுத்து வாருங்கள்.

அம்மணி, நீ மேலே வா. 999-இல் வைத்திருக்கிறேன். மெதுவாகச் சுற்று. சத்தம் எங்கே ஒடுங்குகிறதோ அங்கே நிறுத்து. பெட்டியின் ஒரு முனை எங்கே பார்க்கிறது பார். அதுதான் கோயமுத்தூர்.