ஜிம் வாட்: குத்தவும் தெரிந்தவர், சொல்லவும் தெரிந்தவர்

அவைக்கு என் வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1979ஆம் ஆண்டு, ஏப்ரல் 17. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். அங்கே கெல்வின் ஹால் என்று ஒரு பெரிய மண்டபம் உண்டு. பொருட்காட்சியும் சர்க்கஸும் நடந்த இடம். அன்று இரவு அதன் நடுவில் குத்துச்சண்டை மேடை. ஒரு மூலையில் கொலம்பியாவைச் சேர்ந்த அல்ஃபிரெடோ பிடலுவா. எதிர் மூலையில் உள்ளூர்க்காரர் ஜிம் வாட், வயது 30. லைட்வெயிட் பிரிவு, அதாவது 61 கிலோ சொச்சம். அந்தப் பிரிவை ஆண்டுகொண்டிருந்த பனாமாவின் ராபர்ட்டோ டூரான் எடை கூடி மேல் பிரிவுக்குப் போய்விட்டார். காலியான உலகப் பட்டத்துக்குத்தான் இந்தச் சண்டை. 12ஆம் சுற்றில் நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்தினார். வாட் உலகச் சாம்பியன்.

இது வரைக்கும் கேட்டால் வழக்கமான வெற்றிக் கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த மேடைக்கு வரும்போது அவர் கணக்கில் ஏழு தோல்விகள் இருந்தன. தொழில்முறைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குத்துச்சண்டையில் 30 வயதில் ஏழு தோல்வியோடு நிற்கிறவரை யாரும் வருங்காலச் சாம்பியன் என்று சொல்ல மாட்டார்கள். வாழ்க்கையை ஓட்டுவதற்காகச் சண்டை போடுகிறவர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பின்னாளில் முப்பது வருஷத்துக்கும் மேலாக மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசிய பேச்சுக்கு மூலதனம் அந்த ஏழு தோல்விகள்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் கிளாஸ்கோவில் பிறந்தார். 1968இல் பிரிட்டிஷ் அமெச்சூர் லைட்வெயிட் சாம்பியன். அந்தப் போட்டியில் ஜான் ஸ்டிரேசி என்ற லண்டன்காரரை ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடித்தார். ஸ்டிரேசி அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்குப் போனார், பிறகு உலகச் சாம்பியனும் ஆனார். தோற்கடித்த வாட் ஒலிம்பிக்ஸ் வேண்டாம் என்று தொழில்முறைக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் வந்தவை மெதுவான வருஷங்கள். 1972இல் பிரிட்டிஷ் பட்டம் கிடைத்தது. அடுத்த ஜனவரியிலேயே கென் புகனன் அதைப் பறித்தார். புகனன் எடின்பரோக்காரர், அதற்கு முந்தைய ஆண்டுதான் டூரானிடம் உலகப் பட்டத்தை இழந்தவர். இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள், 15 சுற்று. நடந்தது அரங்கத்தில்கூட அல்ல, கிளாஸ்கோவில் ஒரு ஹோட்டலில். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பட்டச் சண்டைக்கு மூன்று நீதிபதிகள் கிடையாது. மேடைக்குள் இருக்கும் நடுவர் ஒருவரே புள்ளி போடுவார். முடிந்ததும் நேராகப் போய் ஜெயித்தவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். 45 நிமிடம் அடி வாங்கிவிட்டு, அந்த ஒற்றை மனிதர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். புள்ளி போடுவது என்றால் என்ன என்பதை வாட் அங்கே கற்றிருப்பார்.

பிறகு தென்னாப்பிரிக்கா போனார், நைஜீரியா போனார். லாகோஸில் ஜோனதன் டேலேவிடம் காமன்வெல்த் பட்டத்துக்காக 15 சுற்று ஆடித் தோற்றார். போன இடமெல்லாம் எதிராளியின் ஊர், எதிராளியின் கூட்டம்.

1976இல் ஒரு திருப்பம். டெர்ரி லாலஸ் என்ற லண்டன் மேலாளரிடம் சேர்ந்தார். லாலஸின் பயிற்சிக்கூடம் கிழக்கு லண்டனில், கேனிங் டவுனில், ஒரு மதுக்கடையின் மாடியில் இருந்தது. உடம்பு முடியிற காலம் என்று மற்றவர்கள் நினைக்கிற வயதில், வீட்டை விட்டு அந்த மாடிக்குப் போய், தொடங்குகிறவர் மாதிரிப் பயிற்சி எடுத்தார். 1977 ஆகஸ்டில் ஐரோப்பியப் பட்டம், முதல் சுற்றிலேயே. இரண்டு வருஷம் கழித்து நான் முதலில் சொன்ன கெல்வின் ஹால் இரவு.

வாட் இடதுகைக்காரர். குத்துச்சண்டையில் சௌத்பா என்பார்கள். அது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கொஞ்சம் எழுந்து நின்றே காட்டுகிறேன்.

வலதுகைக்காரர் இடது காலை முன்னே வைத்து நிற்பார். இடதுகைக்காரர் வலது காலை முன்னே வைப்பார். இருவரும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகும்? முன்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். யாருடைய முன்னங்கால் மற்றவர் காலுக்கு வெளிப்பக்கம் போய் விழுகிறதோ, அவருடைய பின் கை நேராக எதிராளியின் தாடைக்குப் போகிற வழி திறந்துவிடும். நாம் டிவியில் கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். சண்டை கீழே காலில் நடந்துகொண்டிருக்கும். வாட்டின் முன் கை வலது கை. அதைக் குச்சி மாதிரி நீட்டி எதிராளியின் கண்ணை மறைப்பார், தூரத்தை அளப்பார், அரை அடி நகர்வார், மறுபடி நீட்டுவார். ஒரே குத்தில் விளக்கை அணைக்கிற வகை அல்ல அவர். பார்த்துக்கொண்டே இருப்பார். எதிராளி எப்போது மூச்சை இழுக்கிறார், எந்தத் தோளைக் கீழே விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர், பிற்பாடு பார்த்துச் சொல்வதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்.

உலகப் பட்டத்தை நான்கு முறை காப்பாற்றினார். நான்கும் கிளாஸ்கோவில். 1980 மார்ச்சில் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துச் சார்லி நாஷ் முதல் சுற்றிலேயே வாட்டைத் தரையில் உட்கார வைத்தார். எழுந்த வாட் நான்காம் சுற்றில் அவரை முடித்தார். ஜூனில், ரேஞ்சர்ஸ் கால்பந்துக் குழுவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், திறந்த வெளியில், ஹோவர்ட் டேவிஸ். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியவர், அந்த ஒலிம்பிக்ஸின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற பரிசும் பெற்றவர். தோல்வியே அறியாதவர். வேகமான கை. வாட்டைவிட ஏழு வயது இளையவர். 15 சுற்றும் ஆடி, புள்ளியில் வாட் ஜெயித்தார். அவருடைய மிகச் சிறந்த இரவு அதுதான் என்பது என் கருத்து. டேவிஸின் கை வேகத்துக்குக் கையால் பதில் சொல்லாமல், இடத்தால் பதில் சொன்னார்.

அதே ஆண்டு நவம்பரில் ஷான் ஓ'கிரேடி வந்தார். ஓக்லஹோமாவிலிருந்து வந்த 21 வயதுப் பையன், அந்த வயதிலேயே 70க்கும் மேற்பட்ட வெற்றிகள். தலையோடு தலை மோதியதில் ஓ'கிரேடியின் நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது. வாட்டுக்கும் காயம். 12ஆம் சுற்றில் நடுவர் நிறுத்தி, வாட் ஜெயித்ததாக அறிவித்தார். அமெரிக்கத் தரப்பு கொதித்தது. குத்தால் வந்த காயமா, தலை இடித்து வந்த காயமா என்ற சண்டை பல காலம் ஓடியது. பதிவைப் பார்க்கிற எவருக்கும் ஓ'கிரேடி மேல் இரக்கம் வரும், எனக்கும் வந்தது. இதிலே ஒரு சேதி சொல்ல வேண்டும். அந்த ஓ'கிரேடியும் ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வர்ணனையாளர் ஆனார். அந்த இரவு ஒருவர் ரத்தம் இன்னொருவர் மேல் பட நின்ற இரண்டு பேரும், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் சண்டையைச் சொன்னார்கள்.

1981 ஜூன் 20, லண்டன் வெம்பிளி. நிகராகுவாவின் அலெக்சிஸ் அர்குவேயோ. இரண்டு பிரிவுகளில் ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றவர். நீளமான கை, நேர்கோட்டில் வரும் குத்து, அவசரமே இல்லாத மனிதர். ஏழாம் சுற்றில் வாட் விழுந்தார். எழுந்தார். அதற்குப் பிறகு எட்டு சுற்றுகள், முகம் வீங்கி, காயத்தோடு, கடைசி மணி அடிக்கும் வரை நின்றார். பட்டம் போய்விட்டது. அத்தோடு கையுறையைக் கழற்றினார். 46 சண்டைகள், 38 வெற்றி, 8 தோல்வி.

சரி, இனி மைக்.

பிரிட்டனில் குத்துச்சண்டை வர்ணனைக்கு இரண்டு குரல்கள். முதல் குரல் நடப்பதைச் சொல்லும். இரண்டாம் குரல் ஏன் நடந்தது என்று சொல்லும். ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முதல் குரல் ரெஜ் கட்டரிஜ். பழைய பத்திரிகைக்காரர். 1944இல் நார்மண்டியில் போரில் ஒரு காலை இழந்தவர். அவர் பக்கத்தில் இரண்டாம் குரலாக வாட் உட்கார்ந்தார். லண்டன் பேச்சும் கிளாஸ்கோ பேச்சும் சேர்ந்து ஒலித்த அந்த ஜோடிதான் 1980களிலும் 90களிலும் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் குத்துச்சண்டையைச் சொல்லிக்கொடுத்தது. பிறகு வாட் ஸ்கை ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டுச் சேனலுக்குப் போனார், அங்கே பல வருஷம் இயன் டார்க் உடன் பேசினார்.

அவர்கள் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேடையின் ஓரத்தை ஒட்டி ஒரு மேசை. கண் மட்டத்தில் வீரர்களின் பூட்ஸ். கயிற்றுக்கு இடையில் எட்டிப் பார்க்க வேண்டும். நடுவர் முதுகு அடிக்கடி மறைக்கும். வியர்வையும் தண்ணீரும் தெறிக்கும். எதிரே சின்னத் திரை, காதில் ஹெட்ஃபோன் வழியே இயக்குநர் குரல், சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் கத்தல். அதற்குள்ளே இரண்டு வாக்கியத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

அதைவிடக் கஷ்டமான இடம் சுற்றுகளுக்கு நடுவே வரும் ஒரு நிமிடம். வீரர் மூலையில் ஸ்டூலில் உட்காருகிறார். காயத்தைப் பார்ப்பவர் பஞ்சு முனையில் மருந்தைத் தொட்டுப் பிளவுக்குள் வைத்து அழுத்துகிறார். மேலே வாசலைன் பூசுகிறார். வீக்கத்தின் மேல் குளிர்ந்த உலோகத்தை வைத்து அமுக்குகிறார். நமக்கு எல்லா ரத்தமும் ஒன்றுதான். வாட்டால் அப்படிப் பார்க்க முடியாது, காயத்தால் சண்டையில் தோற்ற அனுபவம் அவருக்கே உண்டு. புருவத்துக்கு வெளியோரத்தில் பிளந்தால் ரத்தம் பக்கவாட்டில் வழியும், ஆடலாம். இமை மேல் பிளந்தால் ரத்தம் கண்ணுக்குள் இறங்கும், எதிர்க் கை வருவதே தெரியாது. ஸ்டூலிலிருந்து எழும்போது கால் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதில் களைப்பு தெரியும். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பட்டவர்தான் சொல்ல முடியும்.

1995 பிப்ரவரி 25. லண்டன் அரீனாவில் நைஜல் பென்னும் அமெரிக்காவின் ஜெரால்ட் மெக்லெல்லனும். ஐடிவிக்காக கட்டரிஜும் வாட்டும் மைக்கில். முதல் சுற்றில் மெக்லெல்லன் அடித்த அடியில் பென் கயிற்றைத் தாண்டி மேடைக்கு வெளியே விழுந்தார். திரும்ப ஏறி வந்தார். சுற்று போகப் போக மெக்லெல்லன் கண்ணை விடாமல் சிமிட்ட ஆரம்பித்தார். பல்காப்பு வாயிலிருந்து பாதி வெளியே தொங்கியது. பத்தாம் சுற்றில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார், எழுந்தார், மறுபடி ஊன்றினார், நடுவர் பத்து எண்ணி முடிக்கும் வரை எழவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அந்த நேரத்தில் சிலர் சொன்னார்கள். அவர் மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. உயிர் பிழைத்தார், பார்வை போய்விட்டது. இன்றும் மற்றவர் துணையோடுதான் வாழ்கிறார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகப் பரபரப்பான சண்டை என்று அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதர் முழங்கால் போடுகிறபோது, அவரைப் பற்றி மைக்கில் என்ன சொல்வது? சொல்வதற்கு முன் எத்தனை நொடி பொறுப்பது? மேடையில் விழுந்து எழுந்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அந்த இரவுதான்.

ஸ்கையில் அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் போடும் புள்ளி திரையில் வரும். நீதிபதிகள் கணக்கு தெரிவதற்கு முன்பே அவர் கணக்கு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். ரசிகர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். சில சண்டைகளில் எனக்கும் அவர் கணக்கு சரியாகப் படவில்லை. ஆனால் மூன்று நீதிபதிகள் மூன்று பக்கம் உட்காருகிறார்கள், ஒருவர் பார்க்கிற குத்து இன்னொருவருக்கு முதுகாக இருக்கும். வாட் உட்கார்ந்தது நான்காவது இடம். அங்கிருந்து தெரிந்ததை அந்த நேரத்திலேயே, திருத்த வழியில்லாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் பேர் போட்டுச் சொன்னார். அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன்.

2005 ஜூன் மாதம், மான்செஸ்டர். ரிக்கி ஹாட்டன், கோஸ்ட்யா ஸ்யூ. அமெரிக்க நேரத்துக்காக நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு நடந்த சண்டை. 11 சுற்று முடிந்ததும் ஸ்யூவின் பயிற்சியாளர் போதும் என்று நிறுத்திவிட்டார். அந்தப் பதிவை முடிந்தால் ஒரு தடவை டார்க், வாட் குரலோடு கேளுங்கள். கேட்கும்போது திரையில் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

2016இல் வாட் மைக்கை வைத்தார். அதே ஆண்டுதான் கிளாஸ்கோவின் கெல்வின் ஹால் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திறந்தது. இப்போது அங்கே ஒரு பக்கம் உடற்பயிற்சிக்கூடம். இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம். பிடலுவா நின்ற மூலையும் நாஷ் வாட்டைத் தரையில் உட்கார வைத்த இடமும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தன. கிளாஸ்கோ போகிறவர்கள் உள்ளே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.