தெருமரல்னா என்ன? பொய் அகராதி விளையாடின ராத்திரி

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கு, பொறுத்துக்கோங்க. நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கத்திக்கிட்டு இருந்தோம். ஆறு பேரு, ஒரு தடி அகராதி, துண்டு துண்டாக் கிழிச்ச வெள்ளைத் தாள், ஆறு பேனா. அதுல ஒண்ணு பச்சை இங்க். அந்தப் பச்சை இங்கால ஒரு ஆளு தோத்தே போனாரு, அதுக்கு அப்பறம் வரேன்.

முதல்ல ஒரு சொல்லு தரேன். தெருமரல். தெ, ரு, ம, ர, ல். யாரும் தேடாதீங்க. வீடியோவ நிறுத்திட்டு, மனசுல ஒரு அர்த்தம் வெச்சுக்கோங்க.

வெச்சாச்சா? சரி.

விளையாட்டு என்னன்னா, ஒருத்தர் அகராதியத் திறந்து யாருக்கும் தெரியாத ஒரு சொல்ல எடுப்பாரு. நேத்து அந்த முறை என்னுது. சொல்ல மட்டும் எல்லாருக்கும் சொல்லணும். மத்தவங்க ஆளுக்கு ஒரு துண்டுத் தாள்ல அந்தச் சொல்லுக்கு ஒரு பொய்யான பொருள எழுதித் தரணும். நான் உண்மையான பொருள ஒரு தாள்ல எழுதி, எல்லாத்தையும் கலைச்சு, ஒரே குரல்ல வாசிக்கணும். எது அசல்னு அவங்க ஓட்டுப் போடணும். ஒரு பொய்க்கு ஒருத்தர் ஏமாந்தா அத எழுதினவருக்கு ஒரு புள்ளி. அசலக் கண்டுபிடிச்சா ரெண்டு. யாருமே கண்டுபிடிக்கலைன்னா சொல்ல எடுத்தவருக்கு மூணு. புள்ளிக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும், நாங்க ஆடறது இப்படி.

இதோ பாருங்க, நேத்துச் சீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். கேமராகிட்ட காட்டறேன். ஃபோகஸ் ஆகுதா? ம்.

இது என் நண்பன் எழுதினது: "தெருவோரத்தில் வரிசையாக நடப்பட்ட மரங்கள்." இது அண்ணி: "தெருவில் நிழலுக்காக வளர்க்கப்படும் மரம்." ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்காமலே இத எழுதியிருக்காங்க! ரெண்டு மரம் வந்ததுமே எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு, மரம் பொய்யின்னு.

இது தம்பி: "முரசு அறைபவனுக்குத் தரப்படும் கூலி." பாருங்க, எவ்வளவு சாமர்த்தியம். தெருவும் இல்ல, மரமும் இல்ல. ஆனா தெருத்தெருவாப் போய் முரசு அறையறதுன்னு நம்ம மனசு தானே ஒரு பாலம் கட்டிக்கும். பாலத்த அவன் கட்டல. கட்டறதுக்கு நமக்கு ஒரு செங்கல் மட்டும் கொடுத்திருக்கான்.

இது மாமா. மாமா தமிழாசிரியர். மூணு வரி எழுதியிருக்காரு. "தெருவில் மருவித் திரிதல் என்னும் பொருள்பட வந்து, பின்னர் இலக்கற்று அலைவோரைக் குறிப்பதாயிற்று." ஒரு ஓட்டு கூட விழல. அகராதி இவ்வளவு பேசாது மாமா! அகராதிக்கு எடம் கிடையாது, அது ரெண்டு சொல்லோட நிறுத்திக்கும். பொய் சொல்றவங்கதான் காரணமும் சேத்துச் சொல்லுவாங்க.

இது தங்கச்சி. ஒரே சொல்லு. "தெளிவு." அவ்வளவுதான். ஏண்டி இப்படின்னா, "எழுதத் தோணல, தூக்கம் வந்துச்சு"ங்கறா.

கடைசிச் சீட்டு, நான் எழுதின அசல்: "சுழற்சி, மனம் நிலைகொள்ளாமை."

ஓட்டு விழுந்த கதையக் கேளுங்க. நண்பனும் தங்கச்சியும் முரசுக் கூலிக்குப் போட்டாங்க. மத்த மூணு பேரும், அதாவது மாமா, அண்ணி, தம்பி, தெளிவுக்குப் போட்டாங்க. அசலுக்கு பூஜ்யம்! மாமா ஏன் தெளிவுக்குப் போட்டாரு தெரியுமா? "தெருள்"னு ஒரு சொல்லு இருக்கு, தெளிவுன்னு அர்த்தம். மருள், தெருள்னு சேத்துச் சொல்லுவாங்க. அது மாமாவுக்குத் தெரியும். தெருமரல்னதும் அவர் காதுல தெருள் மணியடிச்சிருச்சு. "இது நிச்சயம்"னு அடிச்சுச் சொன்னாரு. அவர் சொன்னத நம்பி அண்ணி, அண்ணியப் பாத்துத் தம்பி. தெருள்னு ஒரு சொல் இருக்கறதே தங்கச்சிக்குத் தெரியாது. அவ தூக்கக் கலக்கத்துல எறிஞ்ச கல்லு, படிச்ச மனுசன் தலையில போய் விழுந்திருக்கு.

இந்த விளையாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். சொல்லுத் தெரிஞ்சவங்கதான் முதல்ல ஏமாறுவாங்க. ஒண்ணும் தெரியாதவனுக்கு மாட்டிக்கறதுக்குக் கொக்கியே இல்லையே! காதுல விழுந்ததும் நாம சொல்லப் பிச்சுப் பாக்க ஆரம்பிச்சிடறோம். தெரு பிளஸ் மரல். அப்படிப் பிச்சதுல வந்ததுதான் அந்த ரெண்டு மரம்.

தோத்தப்பறம் மாமாவே ஒரு வரி சொன்னாரு. தொல்காப்பியத்துல, உரியியல்ல வருது: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் வந்துச்சுங்கற காரணம் பாத்த உடனே வெளங்காது. அதே உரியியல்லதான் "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி"ன்னும் இருக்கு. "இது எனக்கு மனப்பாடம்டா, எப்படி மறந்தேன்"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மூணு புள்ளி எனக்கு!

இந்த விளையாட்டு கடையில பெட்டியாவும் வந்திருக்கு. 1984-ல கனடாவுல லாரா ராபின்சனும் பால் டாயினும் சேந்து பால்டர்டாஷ்னு கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடியே அகராதிய மட்டும் வெச்சு வீடுகள்ல ஆடிக்கிட்டுதான் இருந்தாங்க. 1965-ல பிபிசி தொலைக்காட்சியில கால் மை பிளஃப்னு நிகழ்ச்சியாவே வந்துச்சு. ஒரு அணியில மூணு பேரு, ஒரே சொல்லுக்கு மூணு பொருள் சொல்லுவாங்க, ஒண்ணுதான் நெசம். எதிரணி கண்டுபிடிக்கணும். உண்மையச் சொன்னா, இதுக்குப் பெட்டியும் தேவையில்ல, டிவியும் தேவையில்ல. அகராதியும் தாளும் போதும்.

எந்த அகராதின்னு கேப்பீங்க. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924-லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல சொல்லு. எந்தப் பக்கத்தத் திறந்தாலும் தெரியாத சொல்லு பத்தாவது இருக்கும். நம்ம மொழி எவ்வளவு நமக்கே தெரியாதுன்னு பாக்கறப்போ கொஞ்சம் வெக்கமாவும் இருக்கும், கொஞ்சம் கொண்டாட்டமாவும் இருக்கும்.

சொல்லு எடுக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஞகரத்துல ஆரம்பிக்கற சொல்லப் பாத்ததும் கை பரபரக்கும். எடுக்காதீங்க. ஞமலின்னா நாய், ஞெண்டுன்னா நண்டு, ஞிமிறுன்னா வண்டு. ரெண்டு ரவுண்டு ஆடினதும் எல்லாரும் உஷாராயிடுவாங்க, ஞ-ன்னாலே "ஏதோ ஒரு உசுரு"ன்னு ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அதே மாதிரி, எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்ல எடுத்து "இதுக்குப் பழைய அர்த்தம் என்ன"ன்னு கேக்கறதும் வம்பு. மாமா ஒரு தடவ "கடி" எடுத்தாரு. அதுக்குத் தொல்காப்பியர் சொன்ன பொருளே பத்துக்கு மேல! காவல், புதுமை, கூர்மை, விரைவு, அச்சம்னு போகுது. பொய்யின்னு நெனச்சு தம்பி "பயம்"னு எழுதினான், அது நெசமாப் போச்சு. பொய் சொல்லக்கூடத் தெரியலையேன்னு அவனுக்கு வருத்தம்.

இன்னொரு கூத்து. கொஞ்ச நாள் முன்ன வீடியோ கால்ல ஆடினோம். யாழ்ப்பாணத் தமிழ் பேசற ஒரு நண்பனும் இருந்தான். நான் ரொம்பப் பெருமையா "நுளம்பு"ன்னு ஒரு சொல்ல எடுத்துவிட்டேன், யாருக்கும் தெரியாதுன்னு. அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான். "மச்சான், நேற்று இரவு முழுக்க நுளம்பு கடிச்சு நித்திரையே இல்லையெண்டு உன்னட்டத்தானே சொன்னனான்!" கொசுவ அங்க அப்படித்தான் சொல்லுவாங்க, தினமும். எனக்கு அகராதிச் சொல்லு, அவனுக்கு ஜன்னல் சாத்தற நேரத்துச் சொல்லு. அன்னையிலேர்ந்து ஒரு விதி வெச்சுட்டோம்: சொல்லு முன்னாடியே தெரிஞ்சா வாயத் தெறந்து சொல்லிடணும், அந்தச் சொல்லு செல்லாது.

சரி, பச்சை இங்க். எல்லாரும் நீலத்துல எழுத, மாமா மட்டும் சட்டைப் பையிலேர்ந்து அவரோட பச்சைப் பேனாவ எடுத்திருக்காரு. நான் வாசிக்கறப்போ சீட்ட வெளிச்சத்துல பிடிச்சேன், பின்னாடி பச்சையாத் தெரியுது. மூணு ரவுண்டு அவர் பொய்ய ஒருத்தரும் தொடல. "என் மேல என்னடா கோவம்"னு கேக்கறாரு மனுசன்! அதனால, வாசிக்கறவர் எல்லாச் சீட்டையும் தன் கையால ஒரே தாள்ல எழுதிக்கறது நல்லது. முன்னாடியே ஒரு தடவ மனசுக்குள்ள படிச்சும் பாத்துக்கணும். மத்தவங்க கையெழுத்துல தடுமாறினா, அது அசல் இல்லைன்னு குரலே காட்டிக் கொடுத்துடும். நான் அசல வாசிக்கறப்போ மட்டும் கொஞ்சம் வேகமாப் போறேனாம். தங்கச்சி கண்டுபிடிச்சிருக்கா. அவகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது.

தம்பிக்கு ஒரு குறுக்கு வழி இருந்துச்சு. "மீன்வகை." எந்தச் சொல்லு வந்தாலும் மீன்வகை. இல்லைன்னா மரவகை. அகராதியோட குரல் அப்படியே இருக்கும், ஏன்னா லெக்சிகன்ல நெசமாவே அப்படி நிறைய இருக்கு. நாலு தடவ ஜெயிச்சான். அஞ்சாவது தடவ "வகை"ங்கற சொல்லுக்கே தடை போட்டுட்டோம். அடுத்து அண்ணி எடுத்த சொல்லுக்கு அகராதியிலயே "வண்டுவகை"ன்னு இருக்கு! அண்ணி பாவம், வாசிச்சா அசல்னு தெரிஞ்சிடும், வாசிக்காமலும் இருக்க முடியாது. தடைய எடுத்துட்டோம்.

ஆனா அகராதியே இந்த விளையாட்டு ஆடியிருக்கு தெரியுமா? தெரியாத்தனமா ஒரு தடவ, தெரிஞ்சே ஒரு தடவ.

வெப்ஸ்டர் அகராதியோட 1934 பதிப்புல "டோர்ட்"னு ஒரு சொல்லு, பொருள் அடர்த்தின்னு போட்டிருந்துச்சு. அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்துல கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கமா பெரிய டி அல்லது சின்ன டி போடலாம்னு வேதியியல் ஆசிரியர் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்காரு. அந்த "அல்லது"வுக்கான ஆங்கிலச் சொல்லு நடுவுல, ரெண்டு பக்கமும் டி. மூணும் ஒட்டிக்கிச்சு, டோர்ட் பொறந்துடுச்சு. 1939-ல ஒரு ஆசிரியர் கண்ணுல பட்டது எதனாலன்னா, அந்தச் சொல்லுக்கு வேர்ச்சொல் விவரமே இல்லையாம். மாமா மாதிரி மூணு வரி விளக்கம் எழுதியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தப்பிச்சிருக்கும்!

தெரிஞ்சே ஆடினது 2001-ல. புது ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில "எஸ்க்விவாலியன்ஸ்"னு ஒரு சொல்லு. பொருள் என்ன போட்டாங்கன்னா, தன் கடமையிலேர்ந்து வேணும்னே நழுவறது. யாராவது அகராதியக் காப்பியடிச்சா மாட்டிக்கட்டும்னு வெச்ச பொறி அது. 2005-ல விஷயம் வெளிய வந்துச்சு. எனக்கு அந்தப் பொருள் ரொம்பப் பிடிக்கும். காப்பியடிக்கறவன் பண்றதும் அதையேதானே.

நேத்து என்ன ஒரு நிமிஷம் அசர வெச்ச சொல்லு ஒண்ணு சொல்லணும். புனிறு. நண்பன் எடுத்தான். வந்த பொய்யெல்லாம் நல்ல பொய். "நாய் உறுமும் ஒலி", "ஈரத் துணியின் நாற்றம்", "கோணல்." அசல் என்ன தெரியுமா? ஈன்ற அணிமை. கன்னு போட்டு இன்னும் ஈரம் காயாத அந்தக் கொஞ்ச நேரம். அதுக்கு ஒரு தனிச் சொல்லு. வாசிச்சப்போ எல்லாரும் சிரிச்சாங்க, "இவ்வளவு அழகா யாரோ ஜோடிச்சிருக்காங்க"ன்னு. யாரும் ஓட்டுப் போடல. அழகா இருந்ததாலயே அதப் பொய்யின்னு நெனச்சுட்டோம். நானும்தான். கோணலுக்குப் போட்டேன்.

கடைசி ரவுண்டு, மணி ரெண்டாகப் போகுது. மாமா "கெடவரல்"னாரு. ஆளாளுக்கு அழிவு, கெடுதி, சாபம்னு எழுதிட்டோம். தங்கச்சி எழுதினது "கேட்டுக்கு முன் தோன்றும் அறிகுறி." அத்தனை ஓட்டும் அவளுக்கு. மாமா சீட்டத் திருப்பறாரு, பச்சை இங்க்ல ஒரே சொல்லு: விளையாட்டு. தம்பி நம்பவே இல்ல, அகராதியப் பிடுங்கிப் பக்கத்தத் தேடினான். இருக்கு. ஆளாளுக்குச் சத்தம் போட்டதுல பக்கத்து அறையிலேர்ந்து கதவத் தட்டிட்டாங்க. தொண்டை போனது அப்பதான்.

உங்களுக்கு ஒண்ணு விட்டுட்டுப் போறேன். கொண்மூ. மூணு பொருள் சொல்றேன், ரெண்டு நான் நேத்துப் படுத்துக்கிட்டே ஜோடிச்சது. மேகம். மூக்கணாங்கயிறு கோக்கற துளை. கொள்ளையில பங்கு.

எல்லாத்தையும் ஒரே வேகத்துலதான் சொன்னேன், தங்கச்சிகிட்ட வேணா கேட்டுக்கோங்க. விடைய நான் சொல்லப் போறதில்ல. பேட்டரி வேற சிவப்புல மின்னுது, போய்த் தூங்கறேன்.