டாக்டர் நொந்துபோறதுக்கு காரணம் மனசு இல்ல, ட்யூட்டி லிஸ்ட்டு

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், எதிரணிக்கும் வணக்கம். "ஆஸ்பத்திரி டாக்டர்கள் நொந்துபோறதுக்கு காரணம் வேலைமுறையா, மனவலிமை இல்லாததா"ன்னு தலைப்பு. எதிரணி அண்ணன் நல்லாவே பேசினாரு, அந்தக் காலத்து டாக்டருங்க இப்படியா புலம்புனாங்க, தினம் அரைமணி நேரம் தியானம் பண்ணா சரியாயிடும்னு.

அண்ணே, நான் கவர்மென்ட் காலேஜ்ல எம்.டி மெடிசின், அதான் எம்.பி.பி.எஸ்ஸுக்கு அப்புறம் பொது மருத்துவ மேற்படிப்பு, படிச்சவன். அட்மிஷன் டே எப்படி இருக்கும்னு சொல்றேன் கேளுங்க. காலைல ஏழரைக்கு வார்டு, அப்புறம் ஓபி, அதுலேர்ந்து மறுநாள் விடியற வரைக்கும் வர்ற கேஸெல்லாம் நம்ம யூனிட்டுக்கு, அதாவது நம்ம டாக்டர் குழுவுக்குத்தான், பாம்புக்கடி, எலிமருந்து, சுகர் ஏறி மயங்கினவங்கன்னு வந்துகிட்டே இருப்பாங்க, பெட்டு நிறைஞ்சா கீழ பாய். விடிஞ்சா வீட்டுக்குப் போலாம்னு நினைக்கிறீங்களா? அப்பதான் யூனிட் தலைவரான சீஃப் ரவுண்ட்ஸ் வருவாரு, ராத்திரி வந்தவருக்கு ரத்தத்துல சோடியம் எவ்ளோம்பாரு, அந்த ரிசல்ட்டுக்கு லேப் வாசல்ல நின்னதும் நாமதான், ரத்தம் எடுத்ததும் நாமதான், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடிக்கும்போது சாயங்காலம் ஆயிடும். கூட்டிப் பாருங்க, முப்பத்தஞ்சு மணி நேரம் தாண்டும். இதுல கண்ணை மூடி உக்காந்தா தியானம் வராது, குறட்டைதான் வரும்.

நான் சொன்னா நம்பவேணாம், உலக சுகாதார நிறுவனம் சொல்றத கேளுங்க. 2019ல அவங்க இப்படி நொந்துபோறத, இங்கிலீஷ்ல பர்ன்அவுட்ங்கறத, ஒரு நோயாவே சேக்கல, வேலை செய்யற இடத்துல சரிசெய்யாம விட்ட அழுத்தத்தால வர்றதுன்னு எழுதியிருக்காங்க. உடம்பு ஓஞ்சுபோறது மட்டும் இல்ல, மனசும் வேலைய விட்டு விலகிடும்ங்கறாங்க. ஆமாங்க, ஒரு கட்டத்துல பேஷன்ட் பேரே மறந்து அவரு வெறும் "பதினாலாம் பெட்டு" ஆயிடுவாரு.

விதியே இல்லாமயா இருக்கு? 1992லயே மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டருக்கு, அதான் ஆஸ்பத்திரியில வேலை பாத்துகிட்டே பயிற்சி எடுக்கறவங்களுக்கு, தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல வேணாம்னு சொல்லியாச்சு, கூடவே வேலைப்பளுவைப் பொறுத்து நேரத்தை மாத்திக்கலாம்னு ஒரு பின்வாசலும் வெச்சாச்சு. 2023ல தேசிய மருத்துவ ஆணையம் பிஜி, அதாவது மருத்துவ மேற்படிப்பு, விதியில மணிக்கணக்கே போடாம "நியாயமான நேரம்"னு முடிச்சிட்டாங்க. அடுத்த வருஷம் அவங்களோட பணிக்குழுவே வாரம் 74 மணி நேரத்தை தாண்டாதீங்கன்னு பரிந்துரை குடுத்துச்சு. 48ல ஆரம்பிச்சு 74க்கு வந்து நிக்குறோம், இதுதான் சலுகையாம்! பைலட்டுக்கு ட்யூட்டி நேரம் முடிஞ்சா பிளேன் கிளம்பாது, யாரும் அவரைப் பாத்து மனவலிமை இல்லாத ஆளுன்னு சொல்றதில்ல.

அப்போ பேஷன்ட்ட யாரு பாக்குறதுன்னு எதிரணி கேப்பாங்க. நியாயமான கேள்விதான், அதைத்தான் நாங்களும் கேக்குறோம், காலியா கிடக்கற போஸ்ட்டுக்கு ஆள் போடுங்க, அட்மிஷன் டே முடிஞ்ச மறுநாள் காலைல யூனிட்ட அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு போக விடுங்கன்னு. அந்தக் கேள்விய போஸ்ட் நிரப்பவேண்டியவங்ககிட்ட கேக்காம இருபத்தாறு வயசு பிஜி பையன்கிட்ட ஏன் கேக்குறீங்க? பெல் அடிச்சிட்டீங்க அய்யா, உக்காந்துக்கறேன்.